மஞ்சள் வேட்டிக்குக் கீழே இருபத்து நான்கு ஜாடிகள்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தாவின் பேருந்து நிலையத்தில் நல்ல மழை. எதிர்க்கடைப் பலகை பதினேழு டிகிரி என்றது. விருதுநகரில் நான் கிளம்பிய அன்று முப்பத்தாறு. குறைந்துபோன பத்தொன்பது டிகிரியும் என் முழங்கால்களில்தான் இறங்கியிருந்தன.

மடியில் நிறமானி இருந்தது. டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. நிறமுள்ள திரவத்தை அதற்குள் வைத்தால், நிறம் எவ்வளவு அடர்த்தி என்று ஒரு முள் காட்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் வேதியியல் கற்பித்த கல்லூரி, புது இயந்திரம் வந்ததும் இதை ஏலம் விட்டது. நான் எடுத்தேன். மூன்று கிலோ எண்ணூறு கிராம். வேறெவரையும் நம்பி இதைக் கொடுக்கும் வயதை நான் கடந்துவிட்டேன். விமானத்திலும் மடியில்தான்.

விமான நிலையத்துச் சுங்க அதிகாரி அதைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்துப் பார்த்து, ஆங்கிலத்தில் இது என்ன என்று கேட்டார். நிறத்தை அளக்கும் கருவி என்றேன்.

"அப்படியானால் என் சட்டை என்ன நிறம்?"

"நீலம்."

"கருவி இல்லாமலே சொல்லிவிட்டீர்களே, போங்கள்" என்று சிரித்து அனுப்பிவிட்டார். நம் ஊர் என்றால் மூன்று படிவம் கேட்டிருப்பார்கள். சட்டையைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மலைப்பாதை வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இருநூற்றுப் பதினொன்றில் குமட்டியது. பக்கத்து இருக்கைச் சீனப் பாட்டியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உப்புப் போட்டு உலர்த்திய ஏதோ ஒரு பழத்தை என் வாயிலேயே திணித்தார். எண்ணிக்கை கெட்டது. வயிறு பிழைத்தது.

அழைத்துப்போக வந்தவன் குமரன், என் தங்கை மகள் தேன்மொழியின் கணவன். பூ ஏற்றும் லோரியில் வந்திருந்தான். "முன்னாடி ஏறுங்க அங்கிள். பின்னாடி பூவுக்குத்தான் எடம், மனுசனுக்கு இல்ல லா" என்றான். அந்த ஊர்ப் பேச்சில் எதன் வாலிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். அவர்கள் ஊரான திரிங்காப் போகும்வரை நிறமானியை ஒரு கையாலும் கதவை ஒரு கையாலும் பிடித்திருந்தேன். கதவின் தாழ் போய் ஒரு வருடம் ஆகிறதாம்.

தேன்மொழி ஒரு மாதம் முன்பு தொலைபேசியில் சொன்னது இதுதான்: "மாமா, ஒரு நிறமானி வேணும். அதோட அளக்குற ஆளும் வேணும். நான் அளந்தா என் பக்கமா அளந்துட்டேன்னு சொல்லுவாங்க."

சொல்லக்கூடியவர் அவளுடைய மாமனார் அங்கமுத்து. கணவனைப் போலவே அவளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். தேயிலைத் தோட்டத்து லைனில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர். அவருடைய அப்பா கொழுந்து பறிக்கும் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. அங்கமுத்து லைனை விட்டு வெளியே வந்து, திரிங்காப்பில் சரிவு நிலம் குத்தகைக்கு எடுத்து, செவ்வந்தி போட்டு நிமிர்ந்தவர். எழுபது வயது. என்னைவிட நான்கு வயது இளையவர், என்னைவிட நாற்பது மடங்கு வேகமாக மலை ஏறுகிறார்.

அன்று மாலை ஆறரைக்கு மழை விட்டது. வாசலில் நின்று பார்த்தால் எதிர்மலை முழுவதும் விளக்கு. பிளாஸ்டிக் கூரைகளின் கீழே வரிசை வரிசையாக மஞ்சள் பல்புகள். என்ன திருவிழா என்று கேட்டேன்.

"திருவிழா இல்ல சம்பந்தி, பூவை ஏமாத்துறோம்" என்றார் அங்கமுத்து. "ராத்திரி நீளமா இருந்தா செவ்வந்தி மொட்டு விட்டுடும். வெளக்கப் போட்டா இன்னும் பகல்தான்னு நெனச்சுக்கிட்டு உசரமா வளரும். நாங்க எப்ப அணைக்கிறமோ அப்பத்தான் பூக்கும். இந்த வீட்டுல சோறு போடுறது வெளக்குதான் லா."

இரவுச் சாப்பாட்டுக்கு சௌசௌக் கொழுந்துப் பொரியல். நம் ஊரில் காயைத்தான் தின்கிறோம், இங்கே கொடியின் நுனியைக் கிள்ளிப் பூண்டு போட்டு வதக்குகிறார்கள். மூன்று முறை கேட்டு வாங்கினேன். செரிக்குமா என்ற கவலையில் தூக்கம்தான் வரவில்லை. செரித்துவிட்டது.

மறுநாள் காலை அந்த அறையைப் பார்த்தேன். பூக்கட்டும் கொட்டகையின் ஓரத்தில், பத்துக்குப் பன்னிரண்டடி. செருப்பை வெளியே விட்டு, உள்ளே அவர்கள் தரும் செருப்பைப் போட்டு, முகமூடி கட்டி, எரிசாராயத்தில் கைகழுவி நுழைய வேண்டும். ஒரு ரேக், நான்கு தட்டு, தட்டுக்கு இருபத்து நான்கு கண்ணாடி ஜாடி, தட்டுக்கு இரண்டு குழல்விளக்கு. தொண்ணூற்றாறு ஜாடி. இரண்டு தடவை எண்ணினேன்.

இந்த அறையைத் தேன்மொழி முதலில் போட்டது செவ்வந்திக் கன்றுகளுக்காக. ஒரு நல்ல செடியின் நுனியை வெட்டி, கிருமியில்லாத ஜாடியில், சர்க்கரையும் உப்புகளும் கலந்த, கடற்பாசியில் செய்த அகார் கூழில் வைத்தால் அதிலிருந்து நூற்றுக்கணக்கில் கன்று எடுக்கலாம். அதில் குடும்பத்துக்கு நல்ல லாபம். அங்கமுத்துவே ஒப்புக்கொள்கிறார். அப்புறம்தான் அவள் மூலிகைக்குப் போனாள்.

மஞ்சணத்தி மரம் நமக்குத் தெரிந்ததுதான். நுணா என்றும் சொல்வோம். என் கல்லூரியின் பின்சுவருக்கு வெளியே ஆறு மரம் நின்றன, ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மலாய்க்காரர்கள் மெங்குடு என்கிறார்கள். அதன் வேர்ப்பட்டையில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கூட்டம் சேர்மங்கள் இருக்கின்றன. மருந்து செய்பவர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். ஆனால் வேரைத் தோண்டினால் மரம் போயிற்று, இன்னொரு மரம் வளர வருடங்கள் ஆகும்.

தேன்மொழியின் வழி வேறு. ஓர் இலையிலிருந்து சுண்டுவிரல் நகமளவு வெட்டிக் கூழில் வைக்கிறாள். வெட்டிய விளிம்பில் செல்கள் பெருகி, இலையும் இல்லை வேரும் இல்லை என்று ஒரு கட்டியாகத் திரள்கின்றன. அதைப் பிய்த்துப் பிய்த்து வேறு ஜாடிகளில் வைத்தால் திரண்டுகொண்டே போகும். மரம் தன் வேரில் செய்கிற அந்தச் சேர்மத்தை இந்தக் கட்டியையே செய்யவைக்க வேண்டும். மரம் வேண்டாம், மண் வேண்டாம், மழை வேண்டாம். உலகத்தில் பலர் செய்திருக்கிறார்கள். திரிங்காப்பில் யாரும் செய்யவில்லை.

கட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. பால்கோவா நிறம். அதுதான் சிக்கல். மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்?

சம்பந்தியம்மாள், அதாவது அங்கமுத்துவின் மனைவி, வாசலிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அகார் அகார்தானே. நான் தீபாவளிக்குச் செய்றேன், மூணு கலர்ல வருது. இவ மூணு வருசமாச் செய்றா, ஒரு கலரும் வரல."

தேன்மொழி சிரித்தாள். ஆனால் ஜாடி மூடியைத் திருகிய விரல்கள் வெளுத்திருந்தன.

நிறமானியை வைத்தேன். ஒரு ஜாடியிலிருந்து கட்டி எடுத்து, சாராயத்தில் அரைத்து, வடிகட்டி, குழாயில் ஊற்றி உள்ளே விட்டேன். முள் அசையவில்லை. மேல்தட்டிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கீழ்த்தட்டிலிருந்து ஒன்று. முள் தூங்குமூஞ்சியாகப் பூச்சியத்தில் கிடந்தது. கருவிதான் பழுதோ என்று பயந்து, சமையலறை மஞ்சளைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். துள்ளி எழுந்தது. கருவியில் குறையில்லை.

அங்கமுத்து என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "வண்டி ஸ்டார்ட்டே ஆகல போல" என்றார். கேலியில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அப்புறம் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வெட்டிய பூக்கள் வாளி வாளியாக நின்றன. "இதுக்குக் குளிர் ரூம்பு இல்ல சம்பந்தி. தீபாவளிக்கு முன்னாடி விக்கிற பூதான் எனக்கு வருசம். அந்த ஜாடி ரூம்பு கெடைச்சா ஒரு வாரம் கூட வெச்சு விக்கலாம். மூணு வருசம் பொறுத்தேன், மருமக கெட்டிக்காரின்னு பொறுத்தேன். இருபத்தொண்ணாந்தேதி ஈப்போவுலேந்து மருந்துக் கம்பெனி டாக்டரம்மா வர்றாங்க. அவுங்க வேணும்னா ரூம்பு அவளுக்கு, வேணாம்னா எனக்கு. கை குடுத்துப் பேசியாச்சு."

குளிர் அறைக்கு அளவு எடுக்கும் ஆள் ஏற்கெனவே வந்து போயிருந்தான். ஜாடி அறைச் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன.

அதைத் தேன்மொழியிடம் கேட்டேன். "கை குடுத்தது நான்தான் மாமா" என்றாள். "ரூம்பு போனா மறுபடி தோட்டத்துல செடி எண்ணிக் கணக்கு எழுதுற கிராணி வேலைதான். படிச்சதெல்லாம் மூட்டை கட்டி வைக்கணும்." அவள் சர்க்கரையைக் கூட்டியிருக்கிறாள், குறைத்திருக்கிறாள். ஊக்கிகளை மாற்றியிருக்கிறாள். உப்பை மாற்றியிருக்கிறாள். கடைசியாகக் கலந்த கூழில், பூச்சியத்துக்குப் பக்கத்திலாவது ஏதாவது வரும் என்று நம்பித்தான் என்னை அழைத்திருந்தாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் முள் எழவில்லை. வியாழன் அன்று என் மனநிலையைப் பார்த்துக் குமரன் என்னை டவுனுக்குக் கூட்டிப்போனான். ரொட்டி சானாய் தின்றேன். மாவை வீசுகிற மனிதர் என் வயதுக்காரர், ரொட்டிக்கு ஒன்பது வீச்சு. நம் ஊர் பரோட்டாவின் அண்ணன்தான், ஆனால் சால்னாவுக்குப் பதில் பருப்பு. பக்கத்து மேசையில் இரண்டு சீக்கிய முதியவர்கள் மலாயில் சண்டை போட்டார்கள். என்ன என்று குமரனிடம் கேட்டேன். "பில்லை நான்தான் கட்டுவேன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாங்க" என்றான். அப்படிப்பட்ட சண்டை எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒருநாளும் நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை.

மத்தியானத்திலிருந்தே அங்கமுத்து ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். லோரி, மருந்தடிக்கும் மோட்டார், நீர் பம்பு, கத்தரிக்கோல், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஆயுதம் ஓர் இரவாவது ஓய்வெடுக்க வேண்டும். லைனில் இருந்த காலத்திலிருந்து ஒரு வருடம்கூட அவர் இதைத் தவறவிட்டதில்லை. கடைசியாக ஜாடி அறை வாசலுக்கு வந்தார்.

"வெளக்க அணைம்மா. இதுவும் தொழில்தானே, சாமி கும்பிட வேணாமா?"

"அணைக்க முடியாதுப்பா. பத்து நாள்ல அவுங்க வர்றாங்க. இப்பப் போயி எதையும் மாத்தக்கூடாது."

"போன வருசமும் இதான் சொன்ன. அதுக்கு முந்தின வருசமும் இதான் சொன்ன. அதான் ஒண்ணும் வரல."

"அப்ப உங்க பூ வெளக்க அணைப்பீங்களா?"

"பூ சாமிக்குப் போறது. அது வேலை இல்ல."

"அலா! நல்லா இருக்கு நியாயம்" என்று உள்ளிருந்து சம்பந்தியம்மாளின் குரல் வந்தது. "பசாருக்குப் போற பூவெல்லாம் சாமிக்காம்."

குரல்கள் ஏறின. எனக்கு இரத்தக்கொதிப்பு. சண்டையில் நடுவே நின்றால் மாத்திரை இரண்டாகும். அதனால் கணக்கில் புகுந்தேன். "தட்டு நான்கு. கீழ்த்தட்டு இருபத்து நான்கை சரஸ்வதிக்குக் கொடு. எழுபத்திரண்டு உனக்கு. நான்கில் ஒரு பங்கு, கோவில் மானியத்தைவிடக் குறைவுதான்" என்றேன்.

தேன்மொழி பெருமூச்சு விட்டாள். நிபந்தனைகள் போட்டாள். சாம்பிராணி வாசலுக்கு வெளியே. கற்பூரம் அதற்கும் வெளியே. ஜாடிமேல் குங்குமம் கூடாது. அங்கமுத்து முகமூடி கட்டி, கைகழுவி, உள்ளே போய், கீழ்த்தட்டின் விளக்கை அணைத்தார். ரேக்கின் காலில் ஒரு பொட்டு வைத்தார். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புது வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துத் தரைவரை தொங்கவிட்டு, கீழ்த்தட்டை நாலு பக்கமும் மூடினார். முகமூடிக்குள்ளிருந்து அவர் தேவாரம் பாடியது தூரத்து வானொலி போலக் கேட்டது. சுண்டல் கொண்டைக்கடலை. இஞ்சி தூக்கல்.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜையைப் பிரித்து, வேட்டியை எடுத்து, விளக்கைப் போட வேண்டும். விடிவதற்குள் தொலைபேசி வந்தது. தேயிலைத் தோட்டத்து லைனில் அங்கமுத்துவின் பெரியப்பா ஆறுமுகம் தவறிவிட்டார். பங்காளி. தீட்டு.

"பதினாறு முடியிற வரைக்கும் பூஜையத் தொடக்கூடாது" என்றார் அங்கமுத்து. "வேட்டி அப்படியே இருக்கட்டும்." தேன்மொழி என்னைப் பார்த்தாள், தோளைக் குலுக்கினாள். இருபத்து நான்கு வெள்ளைக் கட்டிகளுக்காகத் துக்க வீட்டில் யார் வாதாடுவது?

தோட்டத்துக்கு லோரியில் போனோம். சாவுக்குப் போகும் வழி இத்தனை அழகாக இருக்கக்கூடாது. மலை மலையாகச் சீப்பு வைத்து வாரிய தேயிலை, நடுவில் மஞ்சு. கொழுந்தை இப்போது கையால் கிள்ளுவதில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக இயந்திரத்தைப் பிடித்துச் செடிமேல் நடக்கிறார்கள். இருவரும் வங்காளதேசத்து இளைஞர்கள் என்றான் குமரன். லைன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பெரியவருக்கு வயது தொண்ணூற்றுமூன்றா, தொண்ணூற்றைந்தா என்று இரண்டு கிழவர்கள் தர்க்கம் செய்தார்கள்.

"ஜப்பான்காரன் வந்தப்ப அவருக்கு மீசை இருந்துச்சு, நான் பாத்தேன்."

"நீ அப்பப் பொறக்கவே இல்ல, எங்கேந்து பாத்த?"

"எங்கப்பா பாத்தாரு. நான் பாத்த மாதிரிதான்."

எனக்கு யாராவது அடையாள அட்டையை எடுத்துக் காட்டிவிட்டால் போதும் என்றிருந்தது. காட்டவில்லை. அவர் வயது தெரியாமலே ஊர் திரும்பினேன், இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் மழை வாரம். தினமும் மேல் மூன்று தட்டுகளிலிருந்தும் ஜாடிக்கு ஒரு துளி எடுத்து அளந்தோம். ஒருமுறை முள் நகர்ந்தது, மேசையில் என் முழங்கை பட்டதால். கீழ்த்தட்டு தீட்டில் இருந்தது, அதன் பக்கம் யாரும் போகவில்லை. ஞாயிறு மாலை தேன்மொழி ஒரு முடிவுக்கு வந்தாள். "அவுங்ககிட்ட மறைக்கப் போறதில்ல மாமா. செல் வளருது, நெறம் வரலன்னு சொல்லிடுவேன்." சுவரிலிருந்த பென்சில் கோடுகளை ஒருமுறை தடவினாள்.

அக்டோபர் 21, திங்கள். காலை வெயில். டாக்டரம்மாள் ஒரு சீனப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, தானே கரெட்டா (அங்கே காருக்கு அதுதான் பெயர்) ஓட்டி வந்தார். தோல் களிம்பில் சேர்க்க இந்தச் சேர்மத்தை வாங்கும் சிறிய நிறுவனம் அவருடையது. மேல் மூன்று தட்டுகளையும் பொறுமையாகப் பார்த்தார். "அழகான செல்கள்" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் வெள்ளை." தேன்மொழி மறைக்கவில்லை. அவர் மெல்லத் தலையசைத்தார். குறிப்பேட்டை மூடப்போகும் தலையசைப்பு அது. நான் ஆயிரம் வாய்மொழித் தேர்வுகளில் அதைச் செய்திருக்கிறேன்.

"அது என்ன?" என்று கீழே மஞ்சள் வேட்டியைக் காட்டினார்.

"சாமி" என்றார் அங்கமுத்து, வாசலிலிருந்து. அந்தம்மாள் உடனே ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டார். அவர் வீட்டிலும் சாமி உண்டு போலும். அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் அப்போது நல்ல எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் தாளில் எழுபத்திரண்டு வரி நிரம்பியிருந்தது, இருபத்து நான்கு வரி காலி. பத்து நாளாக அந்தக் காலி வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. எல்லாம் முடிந்து அறையைக் காலி செய்யும்போது அவற்றைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள், என் கணக்கு என்றைக்கும் முடியாது.

"சம்பந்தி" என்றேன். "தீட்டு உங்கள் பங்காளிகளுக்குத்தானே? நான் பெண் கொடுத்த பக்கம். எனக்குத் தீட்டு உண்டா?"

அங்கமுத்து யோசித்தார். விரல்விட்டு உறவுமுறையை ஓட்டினார். "தாய்மாமன்... ஒங்களுக்கு எங்க தீட்டு? ஒங்களுக்கு இல்ல."

"அப்படியானால் பூஜையை நான் பிரிக்கலாமா? இருபத்து நான்கு அளக்க வேண்டியிருக்கிறது."

"கையக் கழுவிட்டு எடுங்க. கும்பிட்டுட்டு எடுங்க."

கழுவினேன், கும்பிட்டேன். குனிய முடியாது, மண்டியிட்டேன். வேட்டியின் முனையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

முதலில் வேட்டியின் மஞ்சள்தான் கண்ணாடியில் தெரிகிறது என்று நினைத்தேன். வேட்டியை முழுக்க விலக்கிய பிறகும் அது போகவில்லை. இருபத்து நான்கு ஜாடியிலும் கட்டிகள் மஞ்சளாக இருந்தன. மஞ்சள்கூட இல்லை. பழுத்த பப்பாளி. சில ஜாடிகளில் கீழ்ப்பாகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது, கூழிலும் நிறம் கசிந்திருந்தது.

தேன்மொழி எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஜாடியைக் கையில் எடுத்து விளக்கின் பக்கம் தூக்கினாள், சட்டென்று இறக்கி மடியில் மறைத்துக்கொண்டாள். விளக்கையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"வேர் மாமா, வேர்! மண்ணுக்குள்ள இருட்டுல இருக்குற வேர் செய்ற வேலை இது. நான் மூணு வருசமா பதினாறு மணி நேரம் வெளக்கு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவள் விளக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. செவ்வந்தி வீட்டில் யார் விளக்கைச் சந்தேகப்படுவார்கள்? போன வருடம் நிறம் வரவில்லை என்று தட்டுக்கு ஒரு குழல்விளக்கு கூட்டியதாக அப்போதுதான் சொன்னாள்.

அளந்தேன். முதல் குழாயிலேயே முள் எழுந்து, கடைசிக் கோட்டைத் தாண்டி, சட்டத்தில் போய் முட்டி நின்றது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த முள்ளை அங்கே நான் பார்த்ததில்லை. பத்து மடங்கு சாராயம் ஊற்றி நீர்க்கச் செய்த பிறகுதான் படிக்கக்கூடிய இடத்துக்கு இறங்கி வந்தது. இருபத்து நான்கையும் அளந்தேன். ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. மேல்தட்டு ஜாடி ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். அதே கூழ், அதே நாள் வைத்தது, அதே இலை. வேட்டி ஒன்றுதான் வித்தியாசம்.

டாக்டரம்மாள் தானே ஒரு குழாயை உள்ளே விட்டு முள்ளைப் பார்த்தார். "ஐயோ!" என்றார். அந்த ஊரில் எல்லா இனத்தாருக்கும் அது பொதுச்சொல். ஆறு ஜாடியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, தன் இடத்தில் சோதித்துச் சொல்வதாகக் கிளம்பினார். வாசலில் நின்று அங்கமுத்துவைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். உங்கள் சாமிக்கு என் வணக்கம் என்றாராம்.

அங்கமுத்து அதற்குள் கொட்டகைக்குள் மூன்று சுற்று சுற்றிவிட்டார். "நான் மூடினது! போன வருசமே அணைம்மான்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கப்பா. காரணந்தான் சொல்லல" என்றாள் தேன்மொழி.

"விட்டா அந்த டாக்டரம்மாகிட்ட டுயிட்டுல பங்கு கேப்பாரு" என்றார் சம்பந்தியம்மாள். டுயிட் என்றால் காசு. "பெரியப்பா செத்ததாலதான் இத்தினி நாள் மூடி இருந்துச்சு. பங்கு குடுக்கணும்னா அவருக்குக் குடுங்க."

"குடுப்பேன். பதினாறாம் நாள் படையல்ல ஒரு ஜாடி வைக்கிறேன் பாரு."

நான் தேன்மொழியிடம் ஒரே விஷயத்தை வற்புறுத்தினேன். ஒருமுறை வந்தது தற்செயலாக இருக்கலாம். மேல்தட்டு வெள்ளை ஜாடிகளில் பன்னிரண்டை இருட்டில் வை, பன்னிரண்டை வெளிச்சத்திலேயே விடு. நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை ஈப்போவிலிருந்து தொலைபேசி. சேர்மம் அதேதான், சுத்தமாகவும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மாதாமாதம் வேண்டும். தேன்மொழி தொலைபேசியை வைத்துவிட்டு நேரே அறைக்குப் போய், ரப்பரை எடுத்து, சுவரிலிருந்த பென்சில் கோடுகளை அழித்தாள். அங்கமுத்துவே ஒரு பக்கக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். குளிர் அறையைக் கொட்டகையின் மறுகோடியில் கட்டிக்கொள்கிறாராம். "வெயில் படாத பக்கம்" என்று கண்ணடித்தார்.

அப்போது சம்பந்தியம்மாள் ஒரு சட்டப் பிரச்சினையை எழுப்பினார். பூஜை வேட்டியை எடுத்தவன் தாய்மாமன். மாமன் துணியை எடுத்துவிட்டுச் சும்மா போகலாமா? சீர் வைக்க வேண்டாமா? எடுத்த துணிக்குப் பதில் துணி.

நியாயம்தான். அறைக்கு என்ன துணி வேண்டும் என்று எனக்குத் தெரியும். குமரனோடு தானா ராத்தா போனேன். வெளிச்சம் புகாத கெட்டித் துணி, கறுப்பு. கடைக்காரர் தஞ்சாவூர் வம்சத்துத் தமிழர்.

"எதுக்குய்யா கறுப்பு?"

"சீர் வைக்க."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மாமன் சீருக்குக் கறுப்புத் துணி கேட்ட முதல் ஆள் நான்தான் என்றார். விலையில் இருபது நிமிடம் பேரம் பேசி ஒரு ரிங்கிட்டும் குறையவில்லை. ரேக்கின் நாலு பக்கத்துக்கும் தட்டு தட்டாகத் திரை தைத்தே கொடுத்தார்.

கறுப்பைப் பார்த்து அங்கமுத்து முகம் சுளித்தார். சம்பந்தியம்மாள் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு திரையின் மூலையிலும் தடவினார். "இப்ப சீர்தான்" என்றார். தாம்பாளத்தில் வைத்துத் தேன்மொழியிடம் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்கென்று ஒதுக்கிய பன்னிரண்டு ஜாடியை ஒரு குழல்விளக்கோடு கொட்டகைக்கு மாற்றிவிட்டு, நான்கு திரையையும் அன்று மாலையே மாட்டிவிட்டோம். எதிர்மலையில் பூக்களை ஏமாற்றும் விளக்குகள் வரிசையாக எரிந்தன. இந்த அறையில் மட்டும் இருட்டு.

இதை விருதுநகரில் உட்கார்ந்து எழுதுகிறேன், முப்பத்து நான்கு டிகிரி. தேன்மொழி நேற்று படம் அனுப்பியிருந்தாள். இருட்டில் வைத்த பன்னிரண்டும் பப்பாளி நிறம், வெளிச்சத்தில் விட்ட பன்னிரண்டும் பால்கோவா. பக்கத்தில் என் நிறமானி, அதன் தலையில் ஒரு குங்குமப் பொட்டு. அது இனி அங்கேதான். திரும்பி வரும்போது மடி காலியாக இருந்தது, வளைவுகளை நிம்மதியாக எண்ணினேன், இந்தமுறையும் பாதியில் விட்டுப்போயிற்று.

செலவு: டிக்கெட் தேன்மொழி எடுத்தது, சாப்பாடு சம்பந்தி வீடு, ரொட்டி சானாய் குமரன் கட்டினான். என் கையிலிருந்து போனது திரைத்துணியும் தையல் கூலியும்தான். கடைக்காரர் சொன்ன விலை முந்நூற்றைம்பது. சீர் என்றால் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதால், பேரம் முடிந்த பிறகு நானே ஒன்று சேர்த்துக் கொடுத்தேன். முந்நூற்றைம்பத்தொரு ரிங்கிட்.